கடல் வானிலை முன்னறிவிப்பாளர் ஆவது எப்படி? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைத் தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் எல்லாம் பேசி முடித்து நேரம் மிச்சமிருந்தால்தான் வானிலைக்கு முறை வரும். அங்கே பிள்ளைகளும் பெற்றோரும், கரையோரச் சங்கங்களில் கடற்றொழிலாளரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்லவேண்டும்.

இது ரீவியிலை மழை வரும் எண்டு சொல்லுற வேலையோ?

இல்லை. ரீவியில் சொல்பவர் பெரும்பாலும் அறிவிப்பாளர். அவர் கையில் இருக்கும் தாளை எழுதியவரே முன்னறிவிப்பாளர். அவர்களிலும் தரைக்கு எழுதுபவர், விமானத்துக்கு எழுதுபவர், கடலுக்கு எழுதுபவர் என்று பிரிவு உண்டு. கடலுக்கு எழுதுபவர் காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும், இடிமுகில் எங்கே கட்டும் என்பவற்றைப் பார்க்கிறார். மழை அவருக்கு இரண்டாம் பட்சம். மழையில் நனைந்தவன் வீடு திரும்புவான், காற்றில் அகப்பட்டவன் திரும்புவது நிச்சயமில்லை.

உலகக் கடல்கள் வானிலை எச்சரிக்கைக்காக 21 வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வங்காள விரிகுடாவும் அரபிக்கடலின் ஒரு பகுதியும் அடங்கிய வலயத்துக்கு இந்திய வானிலைத் துறை பொறுப்பு. பெரிய கப்பல்களுக்குச் செய்மதி வழியாகப் போகும் எச்சரிக்கை அங்கிருந்து வருகிறது. இலங்கையைச் சுற்றியுள்ள கடற்பரப்புக்கான அறிக்கையைக் கொழும்பில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களம் மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது.

அந்த அறிக்கை எங்களுக்கு ஏன் ஒண்டும் விளங்குறதில்லை?

நல்ல கேள்வி. வானொலியில் கேட்டிருப்பீர்கள்: "கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்புகளில் காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வரை அதிகரிக்கக் கூடும், கடல் ஓரளவு கொந்தளிப்பாகக் காணப்படும்." வசனத்தில் பிழை இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை எவ்வளவு கடல் கிடக்கிறது! அதில் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடைப்பட்ட துண்டு எங்கே?

மயிலிட்டியில் ஒரு வயதான சம்மாட்டி, படகும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்பவர், என்னிடம் சொன்னார்: "தம்பி, காத்து எத்தினை கிலோமீற்றர் எண்டதை விடும். எத்தினை மணிக்குத் துவங்கும் எண்டு சொல்லும். வலையை இழுத்துப்போட்டு வர எனக்கு ரெண்டு மணித்தியாலம் வேணும்."

இந்த உத்தியோகத்தின் கஷ்டம் முழுவதும் அந்த மூன்று வசனத்துக்குள் அடங்கிவிடுகிறது. தரையில் இருப்பவர் 'வருமா, வராதா' என்று கேட்கிறார். கடலுக்குப் போகிறவர் 'எப்போது' என்று கேட்கிறார். மாலை 6 மணிக்கு ஏறவேண்டிய காற்று பிற்பகல் 3 மணிக்கே ஏறினால் தரைக்கு எழுதியவர் சரியாகச் சொன்னவர். கடலுக்கு எழுதியவர் பிழையாகச் சொன்னவர்.

ஒரு நாள் வேலை எப்படிப் போகும்?

முறை வேலை. இரவு, பகல், தைப்பொங்கல், தீபாவளி என்ற பேதம் இல்லை. உலகமெங்கும் நிலையங்கள் ஒரே நேரத்தில் அவதானிக்கின்றன. கிறீனிச் நேரம் பூச்சியம் என்றால் எங்களுக்குக் காலை 5.30. அதிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை: 8.30, 11.30, 2.30, இப்படியே சுற்றும். நேற்றைய மழைவீழ்ச்சி என்று செய்தியில் வருவது காலை 8.30இலிருந்து மறுநாள் 8.30 வரையான கணக்கு.

முறைக்கு வருபவர் முதலில் போன முறையில் இருந்தவரிடம் கதை கேட்பார். எதை எதிர்பார்த்தார், எது அவருக்குச் சந்தேகம் என்று. பிறகு அமுக்க வரைபடம். யாழ்ப்பாணம், திருகோணமலை, மன்னார், பாம்பன், நாகபட்டினம், காரைக்கால் என்று அக்கம்பக்கத்து அமுக்கங்களை ஒப்பிட்டால் பாக்கு நீரிணையில் காற்று எவ்வளவு இழுக்கும் என்பது ஓரளவு பிடிபடும். ஒரே அமுக்கமுள்ள இடங்களை இணைக்கும் சமஅமுக்கக் கோடுகள் நெருங்கினால் காற்று ஏறும். பிறகு செய்மதிப் படங்கள். காரைக்காலில் இந்தியாவின் டொப்ளர் றேடர் ஒன்று இருக்கிறது. எங்கள் வடகடலின் இடிமுகில்களைப் பார்க்க அது பெரிய உதவி. கடல் மேற்பரப்பில் காற்றை அளக்கும் செய்மதிகளும் உண்டு. அலைகளின் சொரசொரப்பில் மோதித் திரும்பும் நுண்ணலையை வைத்து வேகமும் திசையும் கணிக்கிறார்கள். கரைக்கு ஒட்டிய பகுதியில் அது நம்பக்கூடியதல்ல. நிலத்தின் எதிரொலி கலந்துவிடும்.

வரப்போகும் வானிலையைக் கணக்கிட்டுத் தரும் கணினி மாதிரிகளை கடைசியில்தான் திறக்கவேண்டும் என்பது என் கட்சி. முதலிலேயே திறந்தால் கண் அதற்குப் பழகிவிடும். பிறகு வெளியே நடப்பது மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டாலும் தெரியாது. இளைய உத்தியோகத்தர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் கடலில் அப்படி என்ன விசேஷம்?

ஒரு கரையில் நிற்பவருக்குச் சொன்னது மறுகரையில் நிற்பவருக்குப் பொருந்தாது. அதுதான் விசேஷம்.

சோளகக் காலத்தை எடுங்கள், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான வழியால் தென்மேற்குக் காற்று பிதுங்கி வரும்போது வேகம் கூடுகிறது. மன்னாரில் 103.5 மெகாவாற் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை அமைந்ததற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். பாக்குக் குடாவின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் போகாது. அந்த ஆழத்தில் அலை உயரமாக வளராவிட்டாலும், குறுகிச் செங்குத்தாகி அடுத்தடுத்து வந்து அடிக்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் ஆடி மாதம் ஏறியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதே நாள், அதே காற்று, வல்வெட்டித்துறை மணலில் நின்று பாருங்கள். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். ஆபத்து அங்கேதான். எஞ்சின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது, வெளிக்கடலுக்குப் போய்விடும். கரையிலிருந்து தூரம் கூடக்கூட அலையும் கூடும்.

வாடையில் எல்லாம் தலைகீழ். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவின் நீளத்தை எல்லாம் கடந்து பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் நேராக வருகிறது. காற்று தடையில்லாமல் ஓடிவரும் தூரம் எவ்வளவு அதிகமோ அலை அவ்வளவு பெரிது. இந்தக் காலத்தில் தென்கிழக்கில் ஒரு தாழமுக்கம் உருவானால், அது திருகோணமலைக்கு இன்னும் பல நூறு கிலோமீற்றர் தள்ளி நிற்கும்போதே எங்கள் வடகரையில் வாடை ஏறிவிடும். வடக்கே உயரமுக்கம், தெற்கே தாழமுக்கம், நடுவில் நாங்கள். 'தாழமுக்கம் இன்னும் வரவில்லை, ஒருக்கால் போய்விட்டு வருவம்' என்று புறப்படுபவர்கள் அகப்படுவது இதில்தான்.

2023 அக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவை வாடைக் காலத்தில் நிறுத்தப்படுவதும் இதனால்தான். கப்பலே நிற்கிறது என்றால் 20 அடிப் பிளாஸ்ரிக் படகைப் பற்றி யோசியுங்கள்.

அறிக்கையில் 'அலை 2 மீற்றர்' எண்டால் 2 மீற்றருக்கு மேலை வராதோ?

வரும். எழுதப்படுவது அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி உயரம். அதே கடலில் தனி அலையொன்று அதன் இரண்டு மடங்கு வரை எழலாம். 2 மீற்றர் என்று வாசித்தால் 4 மீற்றர் அலை ஒன்று எங்கோ வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விளக்கத்தை எல்லா இறங்குதுறைகளிலும் எழுதி ஒட்டினால் நல்லது.

காற்றுக்கும் இப்படித்தான். சொல்லப்படுவது சராசரி வேகம். வீச்சு அதைவிடக் கூட. இடியுடன் மழை பெய்யும்போது தற்காலிகமாக 70–80 கிலோமீற்றர் வேகக் காற்று வீசக்கூடும் என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி வரும். பலர் அதற்குள் வானொலியை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதம் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் உயிரை எடுப்பது அந்தக் கடைசி வரிதான்.

உயர்தரத்தில் என்ன பாடம் எடுக்கவேணும்?

இணைந்த கணிதமும் பௌதிகவியலும். மூன்றாவது பாடம் இரசாயனவியல் ஆனாலும் தகவல் தொழில்நுட்பம் ஆனாலும் சரி. வளிமண்டலம் என்பது சுழலும் கோளின் மேல் ஓடும் பாய்மம். அதை எழுதும் மொழி நுண்கணிதம். கணிதம் பிடிக்காத பிள்ளையை 'வானத்தைப் பார்க்க ஆசை' என்ற ஒரே காரணத்துக்காக இதற்குள் தள்ளவேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி வானிலையாளர் என்பவர் பட்டப்படிப்பு மட்டத்தில் கணிதம், பௌதிகத்துடன் வளிமண்டலப் பௌதிகம், இயக்கவியல், வானிலைப் பகுப்பாய்வு எல்லாம் கற்றவர். அவதானிப்பு, கருவிகள் பக்கம் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளருக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. ஆகவே வாசல் இரண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம்.

நான் கலைப்பிரிவு, புவியியல் படிக்கிறன். எனக்கு வாய்ப்பில்லையோ?

முன்னறிவிப்பு மேசைக்கு நேராகப் போவது கடினம். ஆனால் காலநிலையியல், அனர்த்த முகாமைத்துவம், கரையோர ஆய்வு இவற்றில் புவியியலாளருக்கு நல்ல இடம் உண்டு. மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் முகநூலில் தேடிப் படிக்கும் தமிழ் வானிலைக் குறிப்புகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறைப் பக்கமிருந்தும் வருகின்றன. எளிய தமிழில், ஊர்ப் பெயர் சொல்லி எழுதுவதால்தான் சனம் படிக்கிறது. பௌதிகக்காரர் அவர்களிடமிருந்து கற்கவேண்டிய விஷயம் அது.

எங்கே படிக்கலாம்? எங்கே பயிற்சி?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகம், கணிதம், கணினி விஞ்ஞானம் மூன்றும் இருக்கின்றன. அடிப்படைக்கு அது போதும். வானிலையியலில் முதுமாணிக்கு இந்தியாவில் கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்கள் பெயர்பெற்றவை. இங்கிலாந்தில் றீடிங். புனேயில் இந்திய வானிலைத் துறையின் பயிற்சி நிலையம் உலக வானிலை அமைப்பின் பிராந்தியப் பயிற்சி மையமாகவும் இயங்குகிறது. அயல்நாட்டு உத்தியோகத்தர்களும் அங்கே பயில்கிறார்கள். கடல்நிலை முன்னறிவிப்புக்கு ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தைக் கவனித்து வையுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும்? அரசாங்கம் மட்டும்தானோ?

இலங்கையில் முதலிடம் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கே. வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். ஆட்சேர்ப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. வந்தால் விடக்கூடாது.

வெளியே பார்த்தால் கப்பல் வழிகாட்டல் நிறுவனங்கள் உண்டு. கொழும்பைத் தாண்டிச் செல்லும் சரக்குக் கப்பல் எந்தப் பாதையால் போனால் அலையும் குறைவு, எண்ணெயும் மிச்சம் என்று கணித்துச் சொல்வது அவர்கள் தொழில். எண்ணெய்த் துரப்பண மேடை, கடல் காற்றாலை, துறைமுகக் கட்டுமானம், காப்புறுதி இவற்றுக்கும் கடல் வானிலையாளர் தேவை. சிங்கப்பூர், டுபாய், நோர்வே, ஜப்பான் பக்கம் இத்தகைய வேலைகள் அதிகம். அங்கே கணினி நிரலாக்கம், குறிப்பாகப் பைதன், தெரியாமல் நேர்முகத்துக்குப் போவது வீண்.

சம்பளம்?

அரசில் விஞ்ஞானப் பட்டதாரிக்குரிய சம்பளத் தொகுதி, முறை வேலைக்கான கொடுப்பனவு, ஓய்வூதியம். வீடு கட்டலாம், மாடி வீடு சந்தேகம். தனியார் கப்பல் துறையில் கூடக் கிடைக்கும்.

பொம்பிளைப் பிள்ளையள் இந்த வேலைக்குப் போகலாமோ? இரவு வேலை எண்டு சொல்லுறியள்.

போகலாம். போகிறார்கள். தாதியர் விடுதியில் இரவு வேலைக்கு மகளை அனுப்பும் வீட்டில் இதற்கு மட்டும் ஏன் தயக்கம் என்று எனக்கு விளங்குவதில்லை. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்த அன்னா மணி, இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர். வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து இறக்காமல் உள்நாட்டிலேயே செய்ய வழி அமைத்தவரும் அவரே. உங்கள் மகளிடம் அவரைப் பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகவேணுமோ? எனக்குப் படகில் ஏறினாலே சத்தி வரும்.

வேலை மேசையில்தான். ஆனாலும் ஒருமுறையாவது வாடைக்காலம் தொடங்குமுன் சிறு படகில் வெளிக்கடல் போய்வாருங்கள், சத்தி எடுத்தாலும் பரவாயில்லை. 'ஓரளவு கொந்தளிப்பு' என்ற சொல்லை அதன் பிறகு கவனித்துத்தான் எழுதுவீர்கள்.

விண்டி எல்லாருடைய போனிலையும் இருக்கு. செயற்கை நுண்ணறிவும் வந்திட்டுது. பிறகு ஆள் எதுக்கு?

விண்டி என்ற வானிலைச் செயலியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐரோப்பியக் கணினி மாதிரியையோ அமெரிக்க மாதிரியையோதான். மாதிரி கடலையும் தரையையும் கட்டம் கட்டமாகப் பிரித்தே கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். நெடுந்தீவின் நீளமே ஏறக்குறைய 8 கிலோமீற்றர்! முழுத் தீவும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். எழுவைதீவு அதன் கண்ணில் படவே படாது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில் காற்று எப்படித் திரும்பும் என்று அந்த அழகான வண்ணப்படம் சொல்லாது.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 2025 பெப்ரவரியில் அத்தகைய மாதிரியொன்றை வழமையான சேவையிலேயே சேர்த்துவிட்டது. புயலின் பாதையைக் கணிப்பதில் அவை கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. ஆனால் 2020 டிசம்பரில் வந்த புரெவிப் புயலை நினைத்துப் பாருங்கள். திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, தீவைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் போய் அசையாமல் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. 'புயல் கடந்துவிட்டது' என்ற செய்தியை நம்பியவர்களுக்கு 'கடந்தது புயலின் நடு, மழையல்ல' என்று விளக்க ஆள் வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் டித்வாவும் அப்படித்தான். காற்றுவேகக் கணக்கில் அது மிகப் பெரிய சூறாவளி இல்லை. வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. புயல் எந்த வகுப்பு என்ற எண்ணைக் கணினி தரும். இந்த முறை எதற்குப் பயப்படவேண்டும் என்பதை மனிதர்தான் சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டுச் சனலிலை '3ஆம் எண் கூண்டு' எண்டு சொல்லுறாங்கள். எங்களுக்கும் அதுதானோ?

அது இந்தியத் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக்காக ஏற்றப்படும் அடையாளம். 1 முதல் 11 வரை எண் உண்டு. எண் கூடினால் ஆபத்துக் கூட என்பது பொதுவாகச் சரி, ஆனால் ஒவ்வொரு எண்ணும் அந்தந்தத் துறைமுகத்தின் நிலையைத்தான் குறிக்கும். நாகபட்டினத்தில் ஏற்றிய கூண்டு பருத்தித்துறைக்கு எழுதப்பட்டதல்ல. அவர்கள் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்பதும் நாங்கள் 'தாழமுக்கம்' என்று பொதுவாகச் சொல்வதும் ஒரே அளவாக இருக்கவேண்டியதும் இல்லை. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர் சூட்டப்படும். பெயர் வைக்காததால் பயமில்லை என்று கடலுக்குப் போகவேண்டாம். 50 கிலோமீற்றர் காற்றே சிறு படகுக்குத் தாராளம்.

சொன்னது பிழைச்சால் என்ன நடக்கும்?

இரண்டு விதமாகப் பிழைக்கலாம். எச்சரிக்காமல் விட்டு காற்று வருவது ஒன்று. அதன் விளைவு எல்லோருக்கும் தெரியும். எச்சரித்தும் காற்று வராமல் போவது மற்றது. இதைப் பலர் சின்ன விஷயமாக எடுக்கிறார்கள். குருநகரிலோ பாசையூரிலோ அன்றாடம் உழைத்து அன்றாடம் சீவிக்கும் குடும்பத்துக்கு ஒருநாள் தொழில் போவது சின்ன விஷயம் அல்ல. அடுத்தடுத்து இரண்டு தடவை வீணாகக் கரையில் நிறுத்திவைத்தால் மூன்றாவது எச்சரிக்கையை எவரும் கேட்கமாட்டார்கள். பாதுகாப்புக்காக எப்போதும் கூட்டிச் சொல்லும் உத்தியோகத்தர் தன்னைத்தான் பாதுகாக்கிறார், மீனவரை அல்ல என்பது என் கருத்து.

செய்யக்கூடியது, நிச்சயமின்மையையும் சேர்த்தே சொல்வது. "நாளை மதியத்துக்குப் பிறகு காற்று ஏற வாய்ப்பு அதிகம், மதியத்துக்கு முன் ஏறும் வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லையென்று இல்லை" என்று சொன்னால் சம்மாட்டிமாருக்கு நன்றாகவே விளங்கும். அவர்கள் தினமும் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

நான் இப்ப பத்தாம் ஆண்டு. இப்பவே என்ன செய்யலாம்?

ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் காலை 8.30க்குக் காற்றின் திசை, முகிலின் வகை, முந்தைய நாள் மழை ஆகியவற்றை எழுதுங்கள். மழை அளக்க நேரான பக்கமுள்ள போத்தலும் அடிமட்டமும் போதும். அடுத்த பக்கத்தில், அறிக்கையைப் பார்க்குமுன், நாளை என்ன நடக்கும் என்று நீங்களாக எழுதுங்கள், நேரத்துடன். மறுநாள் அதற்குச் சரி அல்லது பிழை போடுங்கள். அழிக்கவேண்டாம். கடற்கரை கிட்ட இருந்தால் கரைக்கு வரும் அண்ணைமாரிடம் வெளியில் காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மாறியது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஆங்கிலம் ஓரளவு வந்தால் அமெரிக்காவின் கொமெற் நிறுவனம் நடத்தும் இலவச இணையப் பாடங்களில் அலை, காற்று பற்றிய பகுதிகளைப் பாருங்கள். நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நாளில் சான்றிதழ்க் கோப்போடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.